பொதுக் கணிப்பொறியில் பங்கும் வரம்பும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

முன்னுரை

இன்றைய உலகைக் கணிப்பொறி உலகம் என்று சொல்வது மிகையன்று. வானிலைக் கணிப்பு முதல் மருந்துக்கான மூலக்கூறு ஆய்வு வரை, மனிதன் தன் கையால் ஓர் ஆயுள் முழுதும் போட்டாலும் முடியாத கணக்குகளைக் கணிப்பொறி சில மணி நேரத்தில் முடித்துத் தருகின்றது. ஆனால் அத்தகைய பெரிய கணிப்பொறியை ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஒரு நிறுவனத்தில் ஒன்றை நிறுவி நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்து பயன்படுத்துவதே நடைமுறை. பகிர்வு என்று வந்துவிட்டால் பங்கீடு என்ற சிக்கலும் கூடவே வந்துவிடுகின்றது. இக்கணிப்பொறிகளில் ஒருவர் எவ்வளவு நினைவகம் கேட்கலாம், கேட்பதற்கு ஏன் வரம்பு வேண்டும், அவ்வரம்பை எப்படி வகுப்பது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்று முதல் இன்று வரை

நம் நாட்டில் வடிவமைக்கப்பட்ட முதல் கணிப்பொறிகளுள் ஒன்று, பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக். அதன் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் 40 பிட். கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 10,000 பைட். இன்று நம் கைப்பேசியில் உள்ள ஒரு சிறு படம்கூட அதில் அடங்காது. அந்நாளில் ஒரு நேரத்தில் ஒருவருடைய கணக்கு மட்டுமே ஓடியது. ஆகவே நினைவகம் சிறிதாயினும் முழுவதும் அவருக்கே சொந்தம். பங்கீட்டுச் சண்டைக்கு இடமில்லை.

பிறகு ஒரே கணிப்பொறியில் பலருடைய பணிகளை ஒருங்கே ஓட்டும் முறை வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் ஐபிஎம் 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் நிரலை அடித்துக் கொடுத்து, விடைக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. அவ்வகைக் கணிப்பொறிக்கு வைக்கக்கூடிய நினைவகத்தின் உச்ச அளவே 2 மெகாபைட்தான். ஐபிஎம் 360, 370 வகைக் கணிப்பொறிகளில் பணியைக் கொடுக்கும்போதே, ‘ரீஜன்’ என்னும் குறிப்பின் வாயிலாக, ‘எனக்கு இவ்வளவு நினைவகம் வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கேட்ட அளவுக்குமேல் நிரல் கை நீட்டினால் பணி நிறுத்தப்படும். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் இந்த அடிப்படை மாறவில்லை என்பது வியப்பிற்குரியது.

1988-இல் புணே நகரில் சி-டாக் நிறுவனம் தோன்றியதும், 1991-இல் அது ‘பரம் 8000’ என்னும் மீத்திறன் கணிப்பொறியைப் படைத்ததும் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்திகள். 2015-இல் தொடங்கப்பட்ட தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ் அந்தப் பரம் குடும்பம் நாடெங்கும் பரவியது. 2019-இல் வாரணாசியில் ‘பரம் சிவாய்’ வந்தது. 2022 மே 25 அன்று திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ தொடங்கி வைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ்; அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். பொருளைச் சேர்ப்பதோடும் காப்பதோடும் நின்றுவிடாமல் அதைப் பங்கிட்டுக் கொடுப்பதும் ஆள்வோர் கடமை என்பது பொருட்பாலின் கருத்து. ‘பொருள்’ என்று பெயர் பெற்ற கணிப்பொறிக்கும் அது முற்றும் பொருந்தும்.

கிளஸ்டர் என்பது யாது?

மீத்திறன் கணிப்பொறி என்றவுடன் அறை அளவுள்ள ஒரே இயந்திரத்தை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது பல தனிக் கணிப்பொறிகளை வேகமான வலையால் இணைத்த ஒரு கொத்து. இதையே கிளஸ்டர் என்பர். கொத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு கணு. ஒவ்வொரு கணுவிலும் கணக்குப் போடும் ‘கோர்’கள் பல உண்டு, அவை அனைத்திற்கும் பொதுவாக ஒரு நினைவகம் உண்டு.

பயனர் எவரும் நேரே கணுவுக்குள் புகுந்து கணக்கை ஓட்டுவதில்லை. ‘எனக்கு இத்தனை கோர், இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும்’ என்று ஒரு சிறு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். பணி ஒதுக்கும் மென்பொருள் அதை வரிசையில் வைத்து, இடம் கிடைக்கும்போது ஓட்டும். இவ்வகை மென்பொருள்களுள் பரவலாக வழங்குவது ‘ஸ்லர்ம்’. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இது பிறந்தது. நம் நாட்டுப் பரம் கணிப்பொறிகளிலும் இதுவே பயன்படுகின்றது.

சிக்கல் எங்கே?

எடுத்துக்காட்டாக, ஒரு கணுவில் 48 கோர்களும் 192 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன என்று கொள்வோம். இயக்க அமைப்பின் சொந்தத் தேவைக்கு 12 ஜிகாபைட்டை ஒதுக்கிவிட்டால் பயனர்களுக்கு எஞ்சுவது 180. இதை 48 கோர்களுக்குச் சமமாகப் பிரித்தால் கோர் ஒன்றுக்கு 3.75 ஜிகாபைட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்போது ஒருவர் வருகிறார். அவருடைய நிரலுக்கு ஒரு கோர் போதும். உண்மையில் அது 6 ஜிகாபைட்டுக்கு மேல் தொடுவதும் இல்லை. ஆனால் அவர், ‘பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது’ என்ற அச்சத்தில் 150 ஜிகாபைட் கேட்டு எழுதிவிடுகிறார். மென்பொருள் அவர் சொல்லை நம்பி அதை ஒதுக்கி வைக்கின்றது. எஞ்சிய 47 கோர்களுக்கு மிச்சம் 30 ஜிகாபைட் மட்டுமே. கோர் ஒன்றுக்கு 3.75 வீதம் அது 8 கோர்களுக்குத்தான் போதும். மற்ற 39 கோர்களும் மின்சாரத்தைத் தின்றுகொண்டு சும்மா நிற்கின்றன. அவர் கேட்டதில் 144 ஜிகாபைட் எவருக்கும் பயனின்றிக் கிடக்கின்றது. வெளியே வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கின்றனர்.

இவ்வாறு கூடுதலாகக் கேட்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தம் நிரலுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் அளந்து பார்த்ததில்லை. முன்னே படித்துச் சென்ற மாணவர் ஒருவரின் கோப்பு கைமாறிக் கைமாறி வரும். அதிலிருந்த எண் அப்படியே நிலைத்துவிடும். குறைத்துக் கேட்டால் தண்டனை உண்டு, கூட்டிக் கேட்டால் தண்டனை இல்லை என்றால் எவரும் கூட்டித்தான் கேட்பர். ஆகவே குறை விதியில் இருக்கின்றதே அன்றி ஆளிடத்தில் இல்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஒருவர் 4 ஜிகாபைட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஓடும்போது 100 ஜிகாபைட்டை எடுத்துக்கொள்கிறார். தடுப்பார் இல்லாவிட்டால் கணுவின் நினைவகம் தீர்ந்துபோகும். அப்போது லினக்ஸ் இயக்க அமைப்பு கணுவையே காப்பாற்ற வேண்டி ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். அது தவறு செய்தவருடைய நிரலாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மூன்று நாளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொருவர் கணக்கு பலியாகலாம்.

எங்கள் பக்கத்து வரம்பு

இந்த இடத்தில், சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலை ஒரே பெரிய கட்டடமாக இராது. சிறு சிறு அறைகளாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். வெடிபொருள் விதிகளின்படி, அறை ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதற்கு உரிமத்தில் வரம்பு உண்டு. என் தாயாரும் அத்தகைய அறைகளில் திரி பொருத்தி வேலை பார்த்தவர். கல்லூரி வாசலை மிதித்தவர் எங்கள் வீட்டில் என்னைத் தவிர எவரும் இல்லை. ஆயினும் வரம்பு என்றால் என்ன என்பதை நான் முதலில் கற்றது வீட்டில்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்தை எங்கள் வட்டாரம் இன்னும் மறக்கவில்லை.

அந்த அறை அமைப்பில் மூன்று அறிவுகள் அடங்கியுள்ளன. முதலாவது, அறை ஒவ்வொன்றுக்கும் ஆளளவும் மருந்தளவும் தனித்தனியே உண்டு. ஆள் குறைவு என்பதற்காக மருந்தைக் கூட்டி வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, ஓர் அறையில் கேடு நேர்ந்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்கவே இடைவெளி. மூன்றாவது, வரம்பு எழுத்தில் மட்டும் இருந்தால் போதாது. மேற்பார்வையிடும் போர்மேன் அதைக் காக்க வேண்டும். கணிப்பொறியில் வரம்பு மீறினால் போவது நேரமும் உழைப்பும்தான். எங்கள் ஊரில் போவது உயிர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும் வரம்பை அமைக்கும் முறையில் இம்மூன்றும் கிளஸ்டருக்கும் தேவைப்படுகின்றன.

வரம்பு வகுக்கும் வழிகள்

முதல் வழி, இயல்பான அளவு ஒன்றை நிறுவுதல். நினைவகம் எவ்வளவு என்று பயனர் எழுதாமல் விட்டால் என்ன செய்வது? ஸ்லர்மில் நினைவகத்தையும் பங்கீட்டுப் பொருளாக எண்ணச் செய்துவிட்டு, இயல்பளவை நிறுவாமல் விட்டால், எழுதாதவருக்குக் கணுவின் நினைவகம் முழுவதும் போய்ச் சேரும். ஆகவே, ‘எதுவும் சொல்லாதவருக்குக் கோர் ஒன்றுக்கு 3.75 ஜிகாபைட்’ என்று நிர்வாகி முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

இரண்டாம் வழி, கோர் ஒன்றுக்கு உச்ச அளவு வைத்தல். அதற்குமேல் கேட்பவருக்கு மறுப்பதில்லை. அந்த நினைவகத்துக்கு ஈடான கோர்களையும் அவர் கணக்கில் ஏற்றிவிடுவது. 45 ஜிகாபைட் வேண்டுமென்றால் 12 கோர்கள் உம்முடையவை என்பது பொருள். முன்பு சொன்ன 150 ஜிகாபைட்காரருக்கு 40 கோர்கள் கணக்காகும். அவர் ஒரு நாள் முழுவதும் ஓட்டினால், அவர் பெயரில் ஏறுவது 24 கோர்-மணி அன்று, 960 கோர்-மணி. பிறரை அவர் தடுத்து வைத்த அளவு எவ்வளவோ அதுவே அவருடைய செலவு. இதைவிட நேர்மையான கணக்கு இருக்க முடியுமா?

மூன்றாம் வழி, ஒரு பயனருக்கு மொத்த உச்ச அளவு வைத்தல். தனித்தனிப் பணிகள் சிறியனவாக இருந்தும் ஒருவரே கிளஸ்டரை நிரப்பிவிட முடியும். பத்துக் கணுக்கள் உள்ள இடத்தில் மொத்தம் 1,800 ஜிகாபைட். ஒருவர் 18 ஜிகாபைட் வீதம் நூறு பணிகளைக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்தது. ‘ஒருவர் ஒரே சமயத்தில் 360 ஜிகாபைட்டுக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது’ என்று விதித்தால், அவருடைய பணிகளில் 20 மட்டும் ஓடும். மற்ற 80 வரிசையில் காத்திருக்கும். அவை தள்ளப்படுவதில்லை, ஒன்று முடிய ஒன்று புகும். மற்றவர்களுக்கு 1,440 ஜிகாபைட் திறந்திருக்கும். இதே வரம்பைத் துறைக்கோ ஆய்வுக் குழுவுக்கோ வகுப்பதும் உண்டு.

நான்காம் வழி, வரம்பைக் காக்கும் காவல். கேட்ட அளவு தாளில் இருக்க, எடுக்கும் அளவு வேறாக இருந்தால் மேற்சொன்ன மூன்றும் வீண். லினக்ஸ் கருநிரலில் 2008 முதல் ‘சிகுரூப்’ என்னும் வசதி இருக்கின்றது. ஒவ்வொரு பணியையும் அதற்குரிய வேலிக்குள் அடைத்து, கேட்ட அளவைத் தாண்டும்போது அந்தப் பணியை மட்டும் அது நிறுத்திவிடும். பக்கத்துப் பணிக்குச் சேதமில்லை. பட்டாசு அறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும், அங்கே நிற்கும் போர்மேனுக்கும் இது ஒப்பாகும்.

ஐந்தாம் வழி, முன்பு பயன்படுத்தியதைக் கணக்கில் கொள்ளுதல். அண்மையில் மிகுதியாகப் பயன்படுத்தியவருக்கு வரிசையில் முன்னுரிமை குறையும்; பயன்படுத்தாதவருக்குக் கூடும். பழைய பயன்பாடு நாளாக ஆகப் பாதி பாதியாகத் தேய்ந்துவிடும். கதிரியக்கத் தேய்வில் நாம் படிக்கும் அரை ஆயுள் கணக்கே இங்கும் வழங்குகின்றது என்பது கணித மாணவருக்கும் இயற்பியல் மாணவருக்கும் இனிக்கும் செய்தி.

எதிர்வாதங்கள்

வரம்பு வைத்தால் உண்மையாகவே பெரிய நினைவகம் தேவைப்படுவோர் என்ன செய்வர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் உயிரினத்தின் மரபணுத் தொடரைக் கோத்துப் பார்க்கும் கணக்கைத் துண்டு துண்டாக்கிப் பல கணுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எளிதன்று. அத்தகையோருக்கெனத் தனிக் கணுக்கள் வைப்பதே விடை. பரம் சிவாயில் 192 ஜிகாபைட் கொண்ட வழக்கமான கணுக்களுடன், 768 ஜிகாபைட் கொண்ட 20 கணுக்களும் உள்ளன. அவற்றுக்குத் தனி வரிசை. தேவை இருப்பவருக்கு வழி இல்லாத வரம்பு, வரம்பன்று, தடை.

இரவில் எவரும் இல்லாதபோதும் 360-க்கு மேல் தரமாட்டோம் என்றால் கணிப்பொறி வீணாகாதா என்றும் கேட்கலாம். இதற்கும் வழி உண்டு. முன்னுரிமை மிகக் குறைந்த வரிசை ஒன்றைத் திறந்து, அதில் வரம்பைத் தளர்த்தலாம். உரியவர் வந்துவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வரம்பு ஆளின் பதவியைப் பார்த்து வகுக்கப்படக் கூடாது. பெயர் பெற்ற குழுவின் பணி முன்னே, புதிதாக வந்த மாணவரின் பணி பின்னே என்று ஆகிவிட்டால், மக்களின் வரிப்பணத்தில் வந்த கணிப்பொறி ஒரு சிலருடையதாகிவிடும். சொந்தமாகக் கணிப்பொறி வாங்க இயலாதவருக்குப் பொதுக் கணிப்பொறிதான் ஒரே வாயில். வரிசையில் ஒரு வாரம் தாமதம் என்பது வசதியுள்ளவருக்குச் சலிப்பு; இல்லாதவருக்கு ஆய்வேட்டின் கடைசி நாளே தவறிப்போவது.

கேட்பவர் செய்ய வேண்டியது

விதி வகுப்பது நிர்வாகியின் கடமை என்றால், அளந்து கேட்பது நம் கடமை. அளப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, தாளில் கணக்கிடுதல். இரட்டைத் துல்லிய எண் ஒன்றுக்கு 8 பைட். 10,000 வரிசையும் 10,000 நிரலும் கொண்ட அணியில் பத்துக் கோடி எண்கள். ஆகவே 80 கோடி பைட், அதாவது 0.8 ஜிகாபைட். பரிமாணத்தை இரட்டித்தால் நினைவகம் நான்கு மடங்காகும், 20,000-க்கு 3.2 ஜிகாபைட். இரண்டு அணிகளைப் பெருக்கி மூன்றாவதில் வைக்க 9.6 ஜிகாபைட். கால் பங்கு கூட்டி 12 ஜிகாபைட் கேட்டால் போதும். 150 எதற்கு?

மற்றொன்று, ஓட்டிப் பார்த்தல். முதலில் சிறு அளவில் ஓட்டி, முடிந்த பின் ஸ்லர்மின் கணக்கேட்டைப் பார்த்தால், அந்தப் பணி தொட்ட உச்ச நினைவகம் எவ்வளவு என்பது தெரியும். ஒரு எச்சரிக்கை: அந்த அளவீடு தொடர்ச்சியானதன்று, இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. இடையே கண நேரம் எழுந்து அடங்கும் உச்சம் அதில் பதியாமல் போகலாம். கால் பங்கு கூட்டிக் கேட்பது இதற்காகவே.

அளந்து கேட்பது பிறருக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. 150 ஜிகாபைட் காலியாகும் வரை காத்திருக்க வேண்டிய பணி, 12 என்று கேட்டால் ஏதேனும் ஒரு கணுவின் மூலையில் உடனே நுழைந்துவிடும். நேர்மையாகக் கேட்பவரின் விடை விரைவில் வரும்.

முடிவுரை

தோழர்களே! நினைவகத்தின் அளவு 10,000 பைட்டிலிருந்து கோடி மடங்குக்கும் மேல் வளர்ந்துவிட்டது. பற்றாக்குறை மட்டும் தீரவில்லை. அளவு வளர வளர நம் கணக்குகளும் வளர்கின்றன. ஆகவே இன்னும் பெரிய கணிப்பொறி வரட்டும் என்று காத்திருப்பதால் பயனில்லை. இருப்பதைப் பங்கிடக் கற்பதே வழி. இயல்பளவு, உச்ச அளவு, மொத்த அளவு, காவல், தேவைப்படுவோருக்கு விலக்கு ஆகிய இவை ஐந்தும் ஒருங்கே அமைந்தால்தான் வரம்பு நீதியாகும். நம்முள் சிலர் நாளை மேற்படிப்புக்குச் சென்று இத்தகைய கணிப்பொறிகளின் முன் அமர்வோம். சிலர் அவற்றின் நிர்வாகிகளாகவும் ஆவோம். கேட்கும் இடத்தில் அமர்ந்தால் அளந்து கேட்போம். கொடுக்கும் இடத்தில் அமர்ந்தால் கடைசியில் நிற்பவரையும் எண்ணிக் கொடுப்போம். வளர்க அறிவியல்!